தலைவாசலும் எட்டு ஜன்னல்களும்: நாகமலை அருகே ஒரு வீட்டின் மரக்கணக்கு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடு மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி, ஒரு கிராம ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறது. பத்திரத்தின்படி மனை 30க்கு 40 அடி, அதாவது 1,200 சதுர அடி. சென்ட் கணக்கில் ஏறத்தாழ இரண்டேமுக்கால். கணவர் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளர். மனைவி பள்ளி ஆசிரியை. பெயர்கள் இங்கே தேவையில்லை. அவர்களுடைய செலவு நோட்டு, இரண்டு முறை மாற்றி வரைந்த வரைபடம், மரக்கடைகளில் வாங்கிய துண்டுச்சீட்டுகள் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்தார்கள். சொந்த வீடு கட்டுகிற எவருக்கும் இரண்டு தலைவலிகள் உண்டு: ஒன்று அனுமதி, மற்றொன்று மரம். இவை வேறு வேறு காலத்தில் வரும் வேறு வேறு பிரச்சினைகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த வீட்டில் இரண்டும் ஒரே தாளில் வந்து மோதின. அந்தத் தாள் வீட்டின் வரைபடம்.

முதலில் அவர்கள் கட்ட நினைத்தது இங்கே அல்ல. கணவருக்கு மாசி வீதிகளுக்கு உள்ளே பூர்வீக வீட்டில் ஒரு பங்கு இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்ற கட்டுப்பாடு மதுரைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அது இவர்களுக்குத் தடையாக இல்லை. இரண்டு தளத்துக்கு 9 மீட்டர் தாராளம். தடையாக இருந்தது பங்காளிகள் மூவரின் கையெழுத்து. அந்தக் கதையை எழுதினால் தனி ஆய்வாகிவிடும்.

நாகமலை மனையை 2011இல் வாங்கியிருந்தார்கள். அப்போது அது அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன்பு உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஊரில் பாதிப் பேர் 'விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டபோது, ஆசிரியை விடாப்பிடியாக நின்று 2018இல் மனையை வரன்முறைப்படுத்தி ஆணையை வாங்கி வைத்தார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காகிதம்தான் அடித்தளம். வரன்முறை ஆணை இல்லாவிட்டால் வங்கிக் கடனும் இல்லை, கட்டட அனுமதியும் இல்லை.

அனுமதி: வேகம் யாருடையது, பொறுப்பு யாருடையது

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்றிதழ் முறையில் கட்டட அனுமதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால், இணையத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடும். முன்கூட்டியே அதிகாரி வந்து மனையைப் பார்ப்பதில்லை. பணிமுடிப்புச் சான்றும் கேட்பதில்லை. கட்டணம் சதுர அடிக் கணக்கில் ஒரே தொகையாக வசூலிக்கப்படுகிறது. அது உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊராட்சி அலுவலகத்துக்கும் திட்டக் குழுமத்துக்கும் நடந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பழைய முறையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது ஒரு தடுமாற்றமான காலம். இந்தக் குடும்பம் அதிலிருந்து தப்பியது.

ஆனால் சுயசான்று என்பதன் பொருளைப் பலர் கவனிப்பதில்லை. மனையின் அளவு இது, எல்லை இது, விடவேண்டிய இடைவெளிகளை விட்டிருக்கிறேன் என்று உறுதி சொல்பவர் வீட்டுக்காரர். தவறான தகவல் என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அதற்குப் பொறுப்பும் அவரே. முன்பு அதிகாரி வந்து நாடா பிடித்துப் பார்ப்பது தொல்லையாகத் தெரிந்தது. இப்போது அந்த நாடாவை நாமே பிடிக்க வேண்டும்.

இவர்கள் அமர்த்திய பொறியாளர் அனுபவசாலி. விண்ணப்பத்தில் கை வைக்குமுன், "பத்திரத்தில் 30க்கு 40 என்று இருக்கிறது. புலப்படத்தில் என்ன இருக்கிறது, பட்டாவில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா சார்?" என்று கேட்டார். பார்க்கவில்லை. புலப்படம் என்பது நில அளவைத் துறையின் வரைபடம். பட்டா இன்னும் கூட்டுப் பட்டாவாகவே இருந்தது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்டு மனுக் கொடுத்தார்கள். நில அளவையர் வந்து அளந்தபோது முன்பக்கம் 30 அடி சரியாக இருந்தது. பின்பக்கம் 28 அடி 9 அங்குலம்தான். மனைப்பிரிவு போட்டவர், பின்பக்க மூலையை ஒட்டி ஓடும் பழைய வாய்க்காலின் கரையையும் சேர்த்துக் கோடு கிழித்திருக்கிறார். கண்மாயும் வாய்க்காலுமாக இருந்த நிலத்தில் மனை வாங்கும் எவரும் புலப்படத்தை வாங்கி, கோடுகளைத் தரையோடு பொருத்திப் பார்க்காமல் இருக்கக்கூடாது. வாய்க்காலில் இன்று தண்ணீர் வருகிறதா என்பது பேச்சில்லை. ஆவணத்தில் அது புறம்போக்கு.

ஆக மனை 1,175 சதுர அடி. இழந்தது 25 சதுர அடிதானே என்று தோன்றும். ஆனால் பின்பக்கம் ஒன்றேகால் அடி குறைந்தால், பக்கவாட்டில் விடவேண்டிய இடைவெளிக்கு உள்ளே சுவர் வந்துவிடும். பத்திர அளவை நம்பி அப்படியே ஏற்றியிருந்தால் அனுமதி அன்றே கிடைத்திருக்கும். விதிமீறலும் அன்றே தொடங்கியிருக்கும். வரைபடத்தை மாற்றி வரைய வேண்டியதாயிற்று. தனிப்பட்டா கைக்கு வந்து, அனுமதி கிடைத்தபோது 2025 பிப்ரவரி.

இன்னொன்றையும் பொறியாளர் சரிபார்த்தார். கீழக்குயில்குடி சமணர் மலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை; அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். இவர்களுடைய மனை அந்த வட்டத்துக்கு வெளியே நன்றாகத் தள்ளி இருந்தது. மலையடிவாரத்தில் காற்றோட்டமான மனை என்று விளம்பரம் பார்த்து வாங்குபவர்கள் இதைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

மரம் ஏன் இப்படி ஏறியது

இந்தத் தாமதத்துக்கு விலை இருந்தது. 2021இல் ஒரு உறவினர் வீடு கட்டியபோது எழுதிய மதிப்பீட்டைத்தான் இவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். 2024 கடைசியில் கடைகளில் விசாரித்தபோது அந்தக் கணக்கு எதற்கும் ஒட்டவில்லை. அனுமதிக்காகக் காத்திருந்த சில மாதங்களிலும் சீட்டுகளில் எண்கள் நகர்ந்தன.

மதுரை மரக்கடைகளில் 'தேக்கு' என்று விற்பது பெரும்பாலும் கப்பலில் வந்தது. பர்மா தேக்குக்கு நம் ஊரில் இருக்கும் மதிப்பு தனி. ஆனால் மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத தடிகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அந்த இடத்தை ஆப்பிரிக்க நாடுகளும் தென், மத்திய அமெரிக்க நாடுகளும் பிடித்தன. கானா தேக்கு, தான்சானியா தேக்கு, ஈக்வடார் தேக்கு என்று கடைக்காரர்கள் நாட்டின் பெயரோடு சொல்வது இதனால்தான். தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கி இங்கே வருகிற இந்த மரத்துக்கு டாலரில் பணம் கொடுக்க வேண்டும். 2022 தொடக்கத்தில் டாலர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது; 2025 ஜனவரியில் 86ஐத் தொட்டது. மரம் அதே மரம்தான். ரூபாய்க் கணக்கில் அது மட்டுமே ஏழில் ஒரு பங்கு ஏற்றம். கப்பல் கூலி தனி. கடைசியில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இதில் வீட்டுக்காரர் பேரம் பேசிக் குறைக்கக்கூடியது எதுவுமில்லை. கடைக்காரரிடம் கன அடிக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். குறைக்கக்கூடியது விலை அல்ல, கன அடி.

கன அடிகள் எங்கே போகின்றன

இந்த ஆய்வின் மையம் இதுதான் என்பதால் கணக்கை விரிவாகவே தருகிறேன். முதல் வரைபடத்தில் இருந்தவை: நான்கு அடி அகலம், ஏழு அடி உயரத்தில் இரட்டைக் கதவுத் தலைவாசல், உள்ளே ஐந்து கதவுகள், குளியலறை, கழிப்பறைக்கு இரண்டு, ஐந்துக்கு நான்கு அடியில் எட்டு ஜன்னல்கள். எல்லாமே மரம்.

தலைவாசல் நிலைக்குச் சட்டம் 6க்கு 4 அங்குலம். பக்கச் சட்டங்கள் ஏழரை அடியில் இரண்டு, மேலும் கீழும் நாலரை அடியில் இரண்டு, ஆக 24 அடி. இது 4 கன அடி. ஒன்றரை அங்குலத் தடிமனில் கதவுப் பலகை 3.5 கன அடி. உள் நிலைகள் 5க்கு 3 அங்குலம், கீழ்ச்சட்டம் இல்லாமல் ஒன்றுக்கு 17 அடி. ஐந்துக்கும் சேர்த்து 8.9 கன அடி. குளியலறை நிலைகள் இரண்டும் 3.4. இப்போது ஜன்னலுக்கு வருவோம். மூன்று கதவு வைத்த ஜன்னலுக்கு மேல்சட்டம், கீழ்ச்சட்டம், நான்கு நெடுஞ்சட்டங்கள். மொத்தம் 26 அடி, 2.7 கன அடி. எட்டு ஜன்னலுக்கு 21.7. அவற்றின் கண்ணாடிக் கதவுகளின் சட்டங்கள் இன்னொரு 7.

கூட்டினால் 48.5 கன அடி. அதில் ஜன்னல்கள் மட்டும் 28.7, ஐந்தில் மூன்று பங்கு. தலைவாசலும் அதன் கதவும் சேர்ந்து ஏழரைதான்.

வீட்டில் ஆறு மாதம் நடந்த பேச்சு முழுக்கத் தலைவாசலைப் பற்றி. கேரளத்து நிலம்பூர்த் தேக்கா, கானா தேக்கா, கதவில் கஜலட்சுமி செதுக்குவதா, வெறும் பூவேலை போதுமா? ஜன்னலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வரைபடத்தில் வரைந்தவர் பழக்கத்தில் அறைக்கு இரண்டு என்று போட்டது அப்படியே நின்றது. கன அடி 3,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஜன்னல் மரம் மட்டும் ஒரு லட்சம், வரியோடு 1,18,000. ஆசாரியின் கூலி, கண்ணாடி, கம்பி, பாலிஷ் இதில் சேரவில்லை. செய்கூலி, சேதாரம் என்று நகைக்கடையில் நுணுக்கமாகக் கேட்கிற நம் மக்கள் மரக்கடையில் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இழைப்பிலும் அறுப்பிலும் போகும் சேதாரம் சட்டம் மெலிய மெலியக் கூடும். ஜன்னல் கதவுச் சட்டங்கள்தான் எல்லாவற்றிலும் மெல்லியவை.

மனை சுருங்கியதால் வரைபடத்தை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. அப்போதுதான் பொறியாளர் கதவு, ஜன்னல் அட்டவணையையும் மேசையில் விரித்தார். விலையேற்றத்தைக் கொண்டுவந்த அதே தாமதம்தான் மரத்தைக் குறைக்கும் சந்தர்ப்பத்தையும் கொண்டுவந்தது. அனுமதி உடனே கிடைத்திருந்தால் எட்டு ஜன்னல்களும் எட்டாகவே சுவரேறியிருக்கும்.

எட்டு ஆறாயிற்று, ஐந்துக்கு நான்கு, நான்குக்கு நான்காயிற்று. அதற்குக் கீழே போக முடியாது என்று பொறியாளர் நிறுத்திவிட்டார். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதியில் அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும் ஈரமான வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கும் திறப்பு வேண்டும் என்கிறது. 11க்கு 12 அடி படுக்கையறைக்குப் பத்தில் ஒரு பங்கு 13 சதுர அடியைச் சற்றுத் தாண்டும். நான்குக்கு நான்கு ஜன்னல் 16 சதுர அடி, போதும். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. தள்ளும் வகை யுபிவிசி (கடின பிளாஸ்டிக்) ஜன்னலில் எப்போதும் ஒரு பாதி மூடியே இருக்கும். 16 சதுர அடியில் காற்று வருவது எட்டுக்குத்தான். சித்திரை வெயிலில் மதுரையில் உறங்கியவர்களுக்கு அந்த எட்டு சதுர அடியின் மதிப்பு தெரியும். படுக்கையறைகளுக்கு வெளிப்புறம் திறக்கும் வகையையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆம், ஜன்னல்கள் யுபிவிசிக்கு மாறின. இதை ஆசிரியை எளிதில் ஏற்கவில்லை. "பிளாஸ்டிக் ஜன்னலா?" என்று அவர் முகம் சுளித்ததில் நியாயம் உண்டு, தொட்டால் தெரிகிற உறுதி மரத்துக்குத்தான். சதுர அடி 600 ரூபாய் என்று கொண்டால் 96 சதுர அடிக்கு 57,600. மலிவு என்று சொல்லமுடியாது, மரத்தில் பாதி. கம்பி இரண்டுக்கும் பொது. ஆனால் கரையான் தொடாது, மழையில் ஊதாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வார்னிஷ் கேட்காது. குளியலறைகளுக்குக் கருங்கல் நிலை வைத்தார்கள். மேலூர்ப் பக்கம் கல் அறுக்கும் ஊர். தண்ணீர் படுகிற இடத்தில் மரத்தை வைத்துவிட்டு அடிப்பகுதி இற்றுப்போகக் காத்திருப்பது வீண் வேலை.

மீதி மரம்: தலைவாசல் 4, அதன் கதவு 3.5, உள் நிலைகள் 8.9. மொத்தம் 16.4 கன அடி. முதலில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு. மரம் வாங்க இன்னும் ஒருவரும் கடைக்குப் போகவில்லை.

மாமனாரின் தேக்கு

வாடிப்பட்டிக்கு அருகே ஆசிரியையின் தந்தைக்குத் தோப்பு இருக்கிறது. 1990களில் தேக்குத் தோட்டம் போட்டால் இருபது வருடத்தில் கோடீஸ்வரர் ஆகலாம் என்று ஊரெங்கும் விளம்பரங்கள் ஓடின. பலர் அத்தகைய திட்டங்களில் பணத்தைப் போட்டு இழந்தார்கள். அவர் பணத்தைப் போடவில்லை. கன்று வாங்கி வரப்போரம் நட்டுவிட்டார். இப்போது மரங்களுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். "நம் தேக்கு நிற்கும்போது கடையில் எதற்கு வாங்க வேண்டும், மாப்பிள்ளை?" என்பது அவர் கேள்வி. மாப்பிள்ளையால் மறுத்துப் பேசமுடியவில்லை. மறுத்துப் பேசியவர் ஆசாரி.

தோப்புக்குப் போய்ச் சுற்றளவு பிடித்தார்கள். நல்ல மரம் ஒன்றுக்கு நடுச்சுற்று மூன்று அடி, வளைவில்லாத நீளம் பன்னிரண்டு அடி. மரவியாபாரத்தில் தடியை அளக்கும் முறை, சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது. முக்கால் பெருக்கல் முக்கால் பெருக்கல் பன்னிரண்டு: 6.75 கன அடி. உருளையின் உண்மையான கன அளவு இதைவிடக் கூடுதல், 8.6 வரும், வட்டத்தைச் சதுரமாக்கும்போது போகிற ஓரத்தை இந்த முறை முன்பே கழித்துவிடுகிறது. மாமனாரின் கணக்கு இங்கே முடிந்தது: ஐந்து மரம், முப்பத்து நான்கு கன அடி, வீட்டுக்குத் தேவை பதினாறு. பாதியை விற்கலாம் என்றுகூடச் சொன்னார்.

ஆசாரி அங்கிருந்து தொடங்கினார். மூன்று அடிச் சுற்றில் குறுக்களவு பதினொன்றரை அங்குலம். பட்டை அரை அங்குலம் வீதம் இரு பக்கமும் போகும். அதற்கு உள்ளே வெள்ளை, பக்கத்துக்கு ஒரு அங்குலம். கரையானுக்கும் உளுப்பூச்சிக்கும் பிடித்த பகுதி அது. வைரம், அதாவது முற்றிய உள்மரம், என்று மிஞ்சுவது எட்டரை அங்குலம். இதில் தலைவாசலுக்கான 6க்கு 4 சட்டம் ஒன்றுதான் வரும். அந்தச் சட்டத்தின் நடுவில் மரத்தின் குருத்து, அதாவது தடியின் நடுமையம், அமர்ந்திருக்கும். குருத்தைப் பொதிந்த சட்டம் காயும்போது நீளவாக்கில் வெடிக்கும். வெயிலும் மழையும் படுகிற தலைவாசலுக்கு அதை வைக்கமாட்டேன் என்றார். இளந்தேக்கைப் பழந்தேக்கு விலையில் வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த எட்டரை அங்குலக் கணக்கைத்தான்.

ஆனால் உள் நிலைகளுக்கான 5க்கு 3? தடியைக் குருத்தின் வழியே நடுவில் பிளந்தால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சட்டங்கள் வரும். குருத்து அறுப்பிலும் இழைப்பிலும் போய்விடும். பன்னிரண்டு அடியில் இரண்டு சட்டங்கள்: ஒன்றிலிருந்து ஏழும் மூன்றும், மற்றொன்றிலிருந்து ஏழு. ஒரு மரத்துக்கு ஒரு நிலை. ஐந்து உள் நிலைக்கு ஐந்து மரம்.

அளவைப்படி 33.75 கன அடித் தடி, நிலையாக வந்தது 8.9. நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல். துண்டுகள் பூஜை அறைக் கதவுக்கும் முக்காலிக்கும் ஆயின என்றாலும், சொந்த மரம் இலவசம் என்ற பேச்சு இங்கே அடிபடுகிறது. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, அறுவைக்கூலி உண்டு. அனுமதியும் உண்டு. பட்டா நிலத்தில் நாமே நட்டு வளர்த்த தேக்கானாலும், வெட்டி லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும்; தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 1968ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. பட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, எத்தனை மரம், என்ன சுற்று என்ற விவரம் எல்லாம் கேட்டார்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு லாரிக்காரர் யோசனை சொன்னார். ஆசிரியை சம்மதிக்கவில்லை. சீட்டில்லாத தேக்கு வழியில் பிடிபட்டால் மரமும் போகும், வண்டியும் நிற்கும். வீட்டுக்கு அனுமதி வாங்கக் காத்திருந்த அதே பொறுமையோடு மரத்துக்கும் காத்திருந்தார்கள்.

மாசியில் வெட்டி, அறுத்து, கீழே கட்டை கொடுத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே குச்சி வைத்து, தோப்புக் கொட்டகையின் நிழலில் அடுக்கினார்கள். முனைகளில் பெயிண்ட் அடித்தார் ஆசாரி. முனை வழியாக ஈரம் விரைவாக வெளியேறினால் அங்கிருந்து வெடிப்பு தொடங்கும். ஐப்பசி வரை மரம் அங்கேயே கிடந்தது. மூன்று அங்குலத் தடிமன் அதற்குள் முழுதும் காய்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பச்சை மரத்தை மறுவாரமே நிலையாக அடித்து ஈரச்சுவரில் பதிக்கிற வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்கு மேல்.

தலைவாசலுக்கு ஒரு பழைய உத்திரம்

தலைவாசலுக்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும், அளவு நான்கு கன அடிதான். இவ்வளவு சிறிய அளவுக்கு விலையைப் பார்க்கக்கூடாது என்பது என் கருத்து; கன அடிக்கு ஆயிரம் ரூபாய் கூடினாலும் மொத்தத்தில் நாலாயிரம். ஜன்னலில் மிச்சம் பிடித்ததே இப்படிப்பட்ட இடத்தில் செலவு செய்யத்தான்.

ஆசாரி காரைக்குடியைச் சொன்னார். செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது வருகிற தூண், கதவு, உத்திரம் எல்லாம் அங்கே முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் விற்பனைக்கு வருவது தெரிந்த விஷயம். நூறு வருடத்துக்கு முன்பு பர்மாவிலிருந்து வந்த தேக்கு. இதற்கு மேல் காய வேண்டியதில்லை. நுழைந்ததும் கணவரின் கண் செதுக்கு வேலை செய்த ஒரு முழு நிலைக்கதவின் மீது போயிற்று. வேண்டாம் என்று ஆசாரி இழுத்துக்கொண்டு போனார். பழைய நிலைகளின் உயரம் குறைவு, குனிந்து நுழைய வேண்டும். அதோடு செதுக்கு வேலைக்கும் பழமைக்கும் சேர்த்துத்தான் அங்கே விலை. நமக்கு வேண்டியது மரம். அழுக்கேறி மூலையில் கிடந்த உத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்: நீளம் 12 அடி, 8க்கு 6 அங்குலம். நடுவில் அறுத்தால் 6க்கு 4 சட்டம் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏழரை ஒன்று, நாலரை ஒன்று. தலைவாசல் நிலைக்கு இம்மியும் மிச்சமில்லை. வாள் தின்கிற கால் அங்குலத்தால் தடிமன் நான்குக்குச் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

விலை ஆப்பிரிக்கத் தேக்கைவிடக் கூடுதல், நிலம்பூர்த் தேக்கைவிடக் குறைவு. பழைய மரத்தில் இருக்கும் தொல்லை ஆணி. மரத்துக்குள் முறிந்து கிடக்கும் ஆணி அறுவை மில்லின் வாளை உடைத்துவிடும். உடைந்தால் வாளின் விலை நம் தலையில் என்று மில்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆசாரி காந்தம் ஒன்றை நூலில் கட்டி நான்கு பக்கமும் ஓட்டி, கண்ட இடங்களில் தோண்டி எடுத்த பிறகே மில்லுக்கு அனுப்பினார். கதவுப் பலகைக்கு மட்டும் கடையில் கானா தேக்கு வாங்கினார்கள். உள் கதவுகள் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஃப்ளஷ் கதவுகள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 2202 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம்.

நிலை வைத்தது

அடித்தளம் முடிகிற நேரத்தில், 2025 ஏப்ரலில், கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்களின் வேலைநிறுத்தம் வந்தது. எம்-சாண்ட், ஜல்லி எதுவும் கிடைக்கவில்லை. கொத்தனார்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்பப் பிடிக்க மே மாதம் ஆயிற்று. ஆடி பிறப்பதற்குள் நிலை வைத்துவிட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்களுக்குக் கவலை. வைகாசியில் நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமமிட்டு, நவதானியமும் ஐம்பொன்னும் கீழே வைத்துத் தலைவாசல் நிலையை நிறுத்தினார்கள்.

தலைவாசல் ஒன்றை மட்டும்தான். நம் வழக்கப்படி எல்லா நிலைகளையும் நிறுத்திவிட்டு அவற்றை அணைத்துச் சுவர் எழுப்புவார்கள். அப்படிச் செய்தால் மரத்துக்கான பணம் முழுவதும் வீடு இடுப்பளவு எழும்பும்போதே வேண்டும். வங்கியோ கட்டம் கட்டமாகத்தான் கடனை விடுவிக்கும். மரமும் மாதக்கணக்கில் சுவருக்கு ஊற்றும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கும். இங்கே உள் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் அளவாகத் திறப்பு விட்டுச் சுவரை முடித்து, பூச்சுக்குப் பிறகு பொருத்தினார்கள். கொத்தனார் முதலில் முரண்டு பிடித்தார். திறப்பு செங்குத்தாக, மூலை மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பது அவருக்குக் கூடுதல் வேலை. நிலை ஊன்றியிருந்தால் அதுவே அவருக்கு அளவுகோல். சித்தாள் கூலியில் ஒன்றிரண்டு நாள் கூடியது உண்மை. ஆனால் வாடிப்பட்டித் தேக்குக்குக் காய்வதற்கு நேரம் கிடைத்தது இந்த ஏற்பாட்டால்தான்.

கூரைத்தளம் ஆவணியில் போட்டு முடித்தார்கள். செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. அதிகம் சிமென்டு தின்னும் வேலைகள் அதற்குள் தீர்ந்திருந்தன. பூச்சுக்குக் கிடைத்த அளவு லாபம். மரத்துக்கு 18 அப்படியே இருக்கிறது.

மரவேலையின் மொத்தச் செலவை முதல் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால், ஜன்னலுக்கு ஆன யுபிவிசி, கருங்கல் நிலை, மாமனாரின் மரத்துக்கான வெட்டு, ஏற்று, அறுவைக்கூலி எல்லாம் சேர்த்தும் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது. மாமனாரின் மரங்களுக்கு விலை போட்டால் மிச்சம் இன்னும் குறையும். அதை நோட்டில் எழுத வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். நான் எழுதியே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன். தடியாக விற்றிருந்தால் அவருக்கு வந்திருக்கக்கூடிய பணம், உள் நிலைகளுக்கு மலேசியச் சால் மரச்சட்டம் வாங்க ஆகியிருக்கக்கூடிய பணத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கணக்கின்படி அந்த ஐந்து மரங்களால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பேரப்பிள்ளைகள் வீட்டில் தாத்தா நட்ட மரம் நிற்கிறது என்பதற்கு நோட்டில் பத்தி கிடையாது.

மாடியில் படிக்கட்டுக்கு மேல் ஒரு அறை எழுப்பலாம் என்ற பேச்சு இப்போது கிளம்பியிருக்கிறது. அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த அறை இல்லை. பணிமுடிப்புச் சான்று யாரும் கேட்கப்போவதில்லை, சத்தமில்லாமல் கட்டிவிடலாம் என்கிறார் கணவரின் தம்பி. ஆசிரியை பொறியாளரிடம் திருத்திய வரைபடம் கேட்டிருக்கிறார். அதற்கு அனுமதி வாங்கிய பிறகுதான் செங்கல் ஏறும் என்று சொல்லிவிட்டார். அறைக்கு ஜன்னல் ஒன்றா இரண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை.